பத்தாவது புத்தகம்

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை முழுதாகப் படித்த இரண்டு பேர் எங்காவது சந்தித்துக்கொண்டால், பிடித்த பாத்திரம், பிடித்த போர், பிடிக்காத காதல் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பேச்சு கடைசியில் பத்தாவது புத்தகத்தில் வந்து நிற்கும். ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’. பெயரைச் சொன்னதுமே இரண்டு முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு. ராத்திரி பஸ் பிரேக்டவுனாகி நடுரோட்டில் ஒன்றாக நின்றவர்கள் பிறகொரு நாள் பார்த்துக்கொண்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. “அந்தக் குளியல் சீன் இருக்கே...” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “ஐயோ, அதை விடுங்க” என்பார் மற்றவர்.

எனக்கும் அந்தச் சிரிப்பு வரும். ஆனால் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கிருக்கும் வருத்தம் குளியலைப் பற்றியதில்லை. மெதுவாகப் போகிறது என்பதும் இல்லை. பதினாலு தொகுதி மிகுபுனைவைக் கையில் எடுக்கிறவனுக்கு வேகத்தைப் பற்றிப் புகார் சொல்ல அருகதை கிடையாது. என் வருத்தம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் கதையும் சொல்லியாக வேண்டும்.

தொடரின் முதல் புத்தகம் 1990 ஜனவரியில் வந்தது, பதினான்காவது 2013 ஜனவரியில். முன்கதைத் தொகுதி ஒன்று தனி. மொத்தம் சுமார் 44 லட்சம் சொற்கள் என்று கணக்குச் சொல்வார்கள். காலம் ஒரு சக்கரம், யுகங்கள் வரும், போகும், மறக்கப்படும், மறுபடியும் வரும் என்பதுதான் அடிப்படை. நம்மூர்க்காரனுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஒரு மலையோரக் கிராமத்திலிருந்து மூன்று பையன்களும் இரண்டு பெண்களும் கிளம்புகிறார்கள். அதில் ராண்ட் என்கிறவன் உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவன். காப்பாற்றும்போதே அதை உடைக்கவும் போகிறவன்.

அந்த உலகத்தில் மந்திரசக்திக்கு ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு உண்டு. ஆண் பாதியான ஸைடினில் மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் விஷம் கலந்துவிட்டது. அதைத் தொடுகிற ஆண் யாராக இருந்தாலும் பைத்தியம் பிடித்துத்தான் சாவான். சாவதற்கு முன் பெற்றவர்களையே கொன்றாலும் கொல்வான். அதனால் அந்தத் திறமையோடு பிறக்கிற பையன்களைத் தேடிப் பிடித்து, சக்தியை அறுத்தெடுத்து, மெல்லச் சாக விட்டுவிடுவார்கள். கதாநாயகனுக்கு இருப்பது அந்தத் திறமைதான். முதல் புத்தகத்திலிருந்து அவனோடு சேர்ந்து நாமும், இவனுக்கு எப்போது பிசகும், எப்போது பிசகும் என்று பார்த்துக்கொண்டே வருகிறோம்.

நான் ஆரம்பித்தது 2008இல், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலைக் காலி செய்த சீனியர் ஒருவர் கட்டிலுக்கடியில் விட்டுப்போன, முன்னட்டை இல்லாத முதல் தொகுதி. அப்போதே ஜோர்டன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது மூன்றாவது புத்தகத்தின்போது. அவருடைய நிஜப்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. சார்ல்ஸ்டன்காரர், வியட்நாமில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர், திரும்பி வந்து இயற்பியல் படித்து அமெரிக்கக் கடற்படைக்கு அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தவர். இதைத் தெரிந்துகொண்டபோது, ‘அதானே பார்த்தேன்’ என்றிருந்தது. ஏனென்றால் அவருடைய மந்திரத்தில் மந்திரமே இல்லை. நிலம், காற்று, நெருப்பு, நீர், ஆவி என்று ஐந்து இழைகள். ஐந்தாவதில் ஆகாயத்தை விட்டுவிட்டார், பரவாயில்லை. எந்த இழையை எவ்வளவு எடுத்து எப்படி நெய்தால் என்ன நடக்கும், நெய்ததை அவிழ்க்கப் போனால் என்ன ஆபத்து, ஒருத்திக்கு எவ்வளவு கொள்ளளவு, இரண்டு பேர் சேர்ந்தால் எவ்வளவு என்பதற்கெல்லாம் விதி உண்டு. எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

ஒன்பதாவது புத்தகம் வரைக்கும் மூன்று வருடத்தில் வந்துவிட்டேன். நடுவில் ஏழாவதும் எட்டாவதும் கொஞ்சம் தொய்வுதான். ஆனாலும் ஒன்பதாவது, ‘விண்ட்டர்ஸ் ஹார்ட்’, கடைசி அத்தியாயத்தில் எல்லாக் கடனையும் தீர்த்துவிடுகிறது. ராண்டும் நைனீவும் இரண்டு பிரம்மாண்டச் சிலைகளின் வழியாக மனிதர்கள் தாங்கக்கூடிய அளவையெல்லாம் தாண்டிய சக்தியை இழுத்து, ஸைடினில் கலந்திருந்த அழுக்கைக் கழுவி எடுக்கிறார்கள். சுற்றிலும் மலைமுகடுகளில் சண்டை. ஷாடார் லோகோத் என்ற சபிக்கப்பட்ட நகரம் முழுதாகக் கரைந்து, அது இருந்த இடத்தில் பெரும்பள்ளம் மிஞ்சுகிறது. மூவாயிரம் வருடத்து விஷம் இறங்கிவிட்டது. அந்த அத்தியாயத்தை ஹாஸ்டல் மொட்டைமாடியில் டார்ச் வெளிச்சத்தில் படித்து முடித்தேன். கீழே வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆளில்லை. அறைத்தோழன் அருண் ஐஸ்கிரீம் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தான், அவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இப்படி ஒரு இடத்தில் விட்டால், அடுத்த புத்தகத்தில் வாசகன் எதைத் தேடுவான்? இனி என்ன ஆகும் என்பதைத்தான். 2000 நவம்பரில் ஒன்பதாவதைப் படித்தவர்கள் 2003 ஜனவரி வரை காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வேலை கிடைத்து பெங்களூரு போன முதல் மாதச் சம்பளத்தில் சர்ச் ஸ்ட்ரீட் ப்ளாஸமில் பழைய பிரதி ஒன்றை வாங்கினேன். ஒன்று கவனித்தேன். பேப்பர்பேக்கைப் படிக்கப் படிக்க முதுகில் கோடு விழும் இல்லையா? அந்தப் பிரதியில் கோடுகள் மூன்றில் ஒரு பங்கோடு நின்றிருந்தன. அதற்கப்புறம் முதுகு பளபளவென்று புதுசு.

கோடு ஏன் நின்றது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. புத்தகம் முன்னே போகவில்லை, பின்னே போகிறது. ஸைடின் சுத்தமான அதே நாளில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறது. மேட் தான் தூக்கிவந்த இளவரசியோடு சர்க்கஸ் கூட்டத்தில் ஒளிந்து போகிறான். பெரின் கடத்தப்பட்ட மனைவியைத் தேடுகிறான். இலேன் முற்றுகையிடப்பட்ட நகரத்தில் கர்ப்பமாக இருக்கிறாள். எக்வெய்ன் டார் வாலோனுக்கு வெளியே கூடாரம் அடித்துக் குழுக்கூட்டம் நடத்துகிறாள். ஒவ்வொருவர் கதையிலும் ஒரு கட்டத்தில் சக்தியை உணரக்கூடிய யாரோ ஒருவர் நிமிர்ந்து, தூரத்தில் என்னவோ மிகப்பெரிதாக எரிகிறதே என்று அந்தத் திசையைப் பார்ப்பார். என்னவென்று தெரியாது. கவலைப்படுவார்கள், பேசுவார்கள். பிறகு டீ ஊற்றுவார்கள். இலேன் அதைக் குளியல் தொட்டியில் இருக்கும்போது உணர்கிறாள். புகழ்பெற்ற குளியல் சீன் அதுதான். ராண்ட்? கடைசியில் சில பக்கங்கள் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறான். ஏறத்தாழ 680 பக்கப் புத்தகம்.

ஜோர்டன் என்ன செய்ய முயன்றார் என்பது என் தொழிலில் இருக்கிற யாருக்கும் புரியும். இணையாகப் பல த்ரெட்கள் ஓடுகிற நிரலில் ‘பேரியர்’ என்று ஒன்று வைப்போம். முதலில் வந்து சேர்ந்த த்ரெட் அந்தக் கோட்டில் நின்று, மற்ற எல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்கும். எல்லாம் வந்தபின்தான் கதவு திறக்கும். எட்டாவது ஒன்பதாவது புத்தகங்களில் அவருடைய கதைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தேதியில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளுக்கு இழுத்துவந்து நிறுத்தாவிட்டால் இறுதிப்போருக்குப் போகவே முடியாது. அந்த வெளிச்சம்தான் அவர் வைத்த கோடு. பொறியாளராக நல்ல முடிவு. ஆனால் கோட்டில் காத்திருக்கும் த்ரெட் என்ன செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதற்கு 680 பக்கம் கொடுத்து நம்மைப் பார்க்க வைத்ததுதான் விபரீதம். வந்த வேகத்தில் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் வேறு. விற்பனையைப் பார்த்து ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதை யாரும் சொல்வார்கள். இனி சொல்வது என் சொந்தக் கணக்கு.

2011 ஆகஸ்டில் அப்பாவுக்குக் கணைய அழற்சி வந்தது. சாதாரண வயிற்றுவலி என்று போனவர் இரண்டாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய்விட்டார். நான் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து மதுரை வந்தேன். பையில் இரண்டு சட்டை, சார்ஜர், பாதியில் நின்ற இந்தப் புத்தகம். பதினொரு நாள் அந்தக் காத்திருப்புக் கூடத்தில் இருந்தோம். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள், ஒருவரைத்தான். மற்ற நேரமெல்லாம் நாற்காலி. ராத்திரியானால் தரையில் பாய்.

பொழுது போகாத இடத்துக்கு, ஒன்றுமே நடக்காத புத்தகம் பொருத்தம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அம்மாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்டாள்.

“எந்நேரமும் அதையே வச்சுட்டு உட்கார்ந்திருக்கியே, அதுல அப்படி என்னடா இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்புறம் எதுக்குப் படிக்கிற?”

பதில் தெரிந்துதான் இருந்தது, சொல்லவில்லை. அந்த விஷம் இறங்கியதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் முப்பது தலை நிமிரும். செக்யூரிட்டி வந்து, “எட்டாம் பெட் அட்டெண்டர் யாருங்க?” என்பார். எட்டாம் பெட்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மற்ற இருபத்தைந்து பேருக்கும் மூச்சு வரும். உடனே அப்படி மூச்சு வந்ததற்காக எட்டாம் பெட்காரர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பல நேரம் மருந்துச்சீட்டுக்காகத்தான் கூப்பிட்டிருப்பார்கள். மருந்து வாங்க ஓடுகிற மகனைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், அவனுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டதே என்று. ஃபிளாஸ்க் மூடியை ஒரு அம்மா திரும்பத் திரும்ப இறுக்கி மூடிக்கொண்டே இருப்பார். டாக்டர் தினமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார், “இன்னிக்கு ஸ்டேபிளா இருக்கார்” என்று. ஆனால் திங்கட்கிழமை அதை நின்று சொன்னார், செவ்வாய்க்கிழமை நடந்துகொண்டே சொன்னார். அந்த வித்தியாசத்தை நானும் அம்மாவும் சாயங்காலம் வரை பேசினோம்.

காத்திருப்பு என்றால் அதுதான். அதில் ஒவ்வொரு அற்ப அசைவுக்கும் கனம் உண்டு. ‘கிராஸ்ரோட்ஸ்’ரசிகர்கள் சிலர் சொல்வதுண்டு: வாழ்க்கையில் பெரிய சம்பவங்களுக்கு நடுவே காத்திருப்புதான் அதிகம், ஜோர்டன் அதை நேர்மையாக எழுதியிருக்கிறார், அவசரக்காரர்களுக்குத்தான் அது பிடிபடுவதில்லை என்று. இந்த வாதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, நான் அந்தப் புத்தகத்தைப் படித்த இடம் அப்படி. அந்தப் புத்தகத்தில் காத்திருக்கிறவர்களுக்குப் பயம் இல்லை. தூரத்தில் வானமே எரிகிற மாதிரி ஒன்றை உணர்ந்துவிட்டு, உடையில் எந்த நிற நூலில் என்ன பூ பின்னியிருக்கிறது என்று விவரிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. நூல்வேலையும் வரட்டும், ஆட்சேபணை இல்லை. அந்த அம்மா ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாரே, அந்த மாதிரி வந்திருக்க வேண்டும்.

அவருக்கு அப்படி எழுதத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அதே புத்தகத்தில் இருபத்தாறாவது, இருபத்தேழாவது அத்தியாயங்கள் இருக்கின்றன. பெரின் தன் படைக்குத் தானியம் வாங்க ஸோ ஹபோர் என்ற ஊருக்குப் போகிறான். ஊரே குளிக்காமல், அழுக்கு அப்பி, யார் கண்ணையும் பார்க்காமல் நடமாடுகிறது. கோட்டைக்குள் செத்தவர்கள் உலவுகிறார்கள் என்று பயம். கிடங்கில் தானியம் இருக்கிறது, எல்லாம் வண்டு விழுந்த தானியம். அந்தக் குளிரில் அதைப் புடைத்துச் சலித்து மூட்டை கட்டும்வரை பெரின் நிற்க வேண்டியிருக்கிறது. மனைவி எங்கேயோ பிடிபட்டுக் கிடக்கிறாள், இவன் வண்டு போகட்டும் என்று நிற்கிறான். கதைப்படி பார்த்தால் அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை, தானியக் கொள்முதல்தான். ஆனால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. (இலேன் குளித்த தண்ணீரில் கொஞ்சத்தை இந்த ஊருக்கு அனுப்பியிருக்கலாம் என்றும் தோன்றியது.)

அடுத்த அத்தியாயத்தில் ஷைடோ கைதிகள் நான்கைந்து பேர் பிடிபடுகிறார்கள். மனைவி இருக்கும் முகாமைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு வதைத்தாலும் வாய் திறப்பதில்லை. வலியைத் தாங்கப் பழகியவர்கள். பெரின் வந்து கோடரியால் ஒருவன் கையை வெட்டுகிறான். சொல்லாவிட்டால் உங்களைக் கை கால் இல்லாமல் உயிரோடு வைத்துப் பிச்சை எடுக்க விடுவேன் என்கிறான். முதல் புத்தகத்திலேயே ஒருவர் அவனுக்குச் சொல்லியிருப்பார்: இந்தக் கோடரியைத் தூக்க உனக்கு வெறுப்பாக இருக்கும்வரை வைத்துக்கொள், வெறுப்பு விட்டுப்போகிற அன்றைக்கு எறிந்துவிடு என்று. பதிமூன்று வருடம், பத்துப் புத்தகம் கழித்து அந்த நாள் வருகிறது. கையை வெட்டிய கோடரியை மரத்தில் எறிந்து பதித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அதை நான் படித்தது ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு. வீட்டு மனுஷர் ஒருவர் பிழைப்பதற்காக என்னவெல்லாம் செய்யலாம் என்று ஏற்கெனவே கூடத்துத் தரையில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தவன் நான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

இரண்டு அத்தியாயம் இப்படி எழுத முடிகிறவர் மற்ற இருபத்தெட்டை ஏன் அப்படி விட்டார் என்பதுதான் ஏமாற்றத்தை ஏமாற்றமாக ஆக்குகிறது. திறமையில்லாதவனின் மோசமான புத்தகத்தை மறந்துவிடலாம்.

மறுநாள் காலை டாக்டர் வேறு வாக்கியம் சொன்னார். “கண்டம் தாண்டிட்டார். இனி பயம் இல்லை.” இன்னும் இரண்டு நாளில் வார்டுக்கு மாற்றினார்கள். அப்பா இப்போதும் நன்றாக இருக்கிறார், தினம் காலையில் நடக்கிறார், எண்ணெய்ப் பலகாரத்துக்கு அம்மாவிடம் சண்டை போடுகிறார். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. பயம் இல்லை என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் ஆறேழு மாதம், ராத்திரி எழுந்து விளக்குப் போடாமல் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பாள். அவர் ஏப்பம் விட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். ஆபத்து போய்விட்டது. அது போய்விட்டது என்ற செய்திதான் எங்கள் வீட்டுக்கு வந்துசேர இவ்வளவு நாள் எடுத்தது. அப்பாவே கூட ஒரு வருடம் எதையும் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை.

ஜோர்டன் கையில் இதே விஷயம் இருந்தது, எங்கள் வீட்டைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக. மூவாயிரம் வருட விஷம் இறங்கிவிட்டது, உலகத்துக்கு அது தெரியாது. தெரிந்த சிலர் சொன்னாலும் யாரும் நம்பத் தயாரில்லை. நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இனி அந்தப் பையன்களை வேட்டையாட வேண்டாம். நேற்று வரை வேட்டையாடினவர்கள் இன்று காலையில் எந்த முகத்தோடு எழுந்திருப்பார்கள்? போன மாதம் மகனைப் பிடித்துக் கொடுத்த ஒரு தாய்க்கு இந்தச் செய்தி கிடைத்தால்? சுத்தமாகிவிட்டது என்று தெரிந்தபிறகும், ஏற்கெனவே பாதி பைத்தியம் பிடித்தவன் பாதி பைத்தியமாகத்தானே இருப்பான்? ஒரு முழுத் தொகுதியை இதற்குக் கொடுத்திருந்தால் வேகம் எவ்வளவு குறைந்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்திருப்பேன். உலகமே மாறிய ஒரு நாளை எடுத்து, அந்த மாற்றம் இன்னும் எட்டாத மனிதர்களை ஒவ்வொருவராகச் சுற்றி வருவது என்கிற அமைப்பு, சொல்லப்போனால், இந்தக் கதைக்கென்றே அளவெடுத்த சட்டை. அமைப்பைக் கண்டுபிடித்தவருக்கு அதில் எதை நிரப்புவது என்று தெரியவில்லை. ஏஸ் ஸெடாய்களின் கூட்டத்தில் இந்தப் பேச்சு வருகிறது, சந்தேகப்படுகிறார்கள், அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுகிறார்கள். கையில் இருந்ததைத் தரையில் வைத்துவிட்டு நடந்துபோகிற மாதிரி இருந்தது எனக்கு. என் வருத்தம் இதுதான்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “செத்துப்போன மனுஷனை இப்படியா பேசுவீங்க” என்றார். ஜோர்டனுக்கு இதயத்தைப் பாதிக்கிற அமிலாய்டோஸிஸ் என்ற அரிய நோய் இருப்பதாக 2006இல் அவரே அறிவித்தார். 2007 செப்டம்பர் 16இல் இறந்தார், 58 வயது. கடைசிப் புத்தகம் எழுதி முடியவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் பத்தாவது புத்தகம் வந்தபோது அவருக்கு ஐந்து வருடம்கூட மிச்சமில்லை. மிச்சமிருந்த நேரத்தில் இத்தனை பக்கத்தை டீக்கும் நூல்வேலைக்கும் செலவழித்தாரே என்று நினைத்தால் எனக்கும் நெஞ்சை என்னவோ செய்யும். ஆனால் அவருக்கு அது தெரியாது, எழுதும்போது யாருக்கும் தெரிவதில்லை. நோயைக் காட்டி இந்தப் புத்தகத்துக்குச் சலுகை கேட்பதை அவர் விரும்பியிருப்பார் என்று தோன்றவில்லை. எடிட்டர் ஹேரியட் மெக்டூகல் அவருடைய மனைவி, அதனால்தான் யாரும் வெட்டவில்லை என்று ஒரு வம்பும் உண்டு. அதே ஹேரியட் எடிட் செய்ததுதான் முதல் ஆறு புத்தகங்களும். வம்புக்கு அந்தப் பதில் போதும்.

2005இல் பதினொன்றாவது, ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’, வந்தது. அதில் கதவு திறக்கிறது. பெரின் மனைவியை மீட்கிறான், இலேனுக்கு அரியணை கிடைக்கிறது, மேட்டுக்குக் கல்யாணமே ஆகிவிடுகிறது. கோட்டில் நின்ற த்ரெட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அவர் முழுதாக எழுதி முடித்த கடைசித் தொகுதி அதுதான். பத்தாவது பற்றி எழுந்த சலிப்புக்குரல் அவர் காதில் விழுந்து, அதற்குப் பதிலாகத்தான் இப்படி எழுதினாரோ என்று நினைத்துக்கொள்வேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, நினைத்துக்கொள்ளப் பிடிக்கும்.

மிச்சக் கதையை ஹேரியட் தேர்ந்தெடுத்த பிராண்டன் ஸாண்டர்ஸன், ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதிவைத்த பகுதிகளையும் கொண்டு முடித்தார். ஒரு புத்தகமாக நினைத்தது மூன்றாக வளர்ந்தது. ஸாண்டர்ஸன் பள்ளிப் பருவத்திலிருந்தே இந்தத் தொடரின் வாசகர், அது தெரிகிறது. எதை முடித்தால் வாசகனுக்கு வயிறு நிறையும் என்று அவருக்குத் தெரியும். சம்பவங்கள் மளமளவென்று விழும். முதல் தொகுதியில் மேட்டின் கிண்டல் மட்டும் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்றையும் படிக்கும்போது, ஓர் அறைக்குள் யாராவது நுழைந்தால் அந்த அறையில் திரைச்சீலை என்ன நிறம், தரையில் என்ன கல் என்று எனக்குத் தெரியவில்லை. ஜோர்டன் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். நான்கு பக்கத்துக்குச் சொல்லி, கழுத்தை அறுத்துச் சொல்லியிருப்பார்.

எங்கள் டீமில் ஒரு பெண் இருக்கிறாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அமேசான் தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள். 2025இல் மூன்றாவது சீசனோடு அதை நிறுத்திவிட்டார்கள் என்ற கோபத்தில் முதல் தொகுதியை ஆரம்பித்து, ஆறே மாதத்தில் ஒன்பதை முடித்துவிட்டாள். “அண்ணா, பத்தை ஸ்கிப் பண்ணிட்டு சம்மரி படிச்சுக்கலாமா? எல்லாரும் அதான் சொல்றாங்க” என்று கேட்டாள். ஸ்கிப் பண்ணாதே, இருபத்தாறும் இருபத்தேழும் மட்டுமாவது முழுசாகப் படி என்று சொல்லி, ஏன் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். பேரியரைப் பற்றிக்கூடச் சொன்னேன். தலையாட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவளிடமிருந்து மெஸேஜ் வந்தது. முழுப் புத்தகத்தையும் இரண்டு வார இறுதியில் முடித்துவிட்டாளாம். ஸோ ஹபோர் பயமாக இருந்ததாம், கோடரியை எறிந்த இடத்தில் அழுதாளாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: “ஆனா அண்ணா, அந்தக் குளியல் சீன் நல்லாத்தானே இருந்துச்சு?”

இன்னும் பதில் அனுப்பவில்லை.